கைப்பிடி இல்லாத வின்ச்

உருளையில் கயிறு சுற்றியிருந்தது இரண்டு சுற்றா, ஒன்றரைச் சுற்றா என்பதில் இதைச் சொல்ல வந்தவனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. படகின் நிறம்கூட வெள்ளையா, வெளிறிப்போன நீலமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் பனிக்குள் பார்த்த எதையும் பிறகு அப்படியே மனசுக்குக் கொண்டுவர முடிவதில்லை. ஆனால் அது ஆனி மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் மேகாத்து தொடங்கிவிட்ட நாட்கள் என்பது தெரியும். இதைச் சொன்னபோது அமலி பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். மற்றதெல்லாம் அமலி வீட்டார் சொல்லித்தான் தெரியும். அவர்களுக்குள்ளேயே சில இடங்களில் ஒத்துப்போகவில்லை.

அமலிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பிறந்தது வில்பட்டியில், ரோட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் கேரட் தோட்டத்து வீட்டில். வாக்கப்பட்டு வந்தது கொடைக்கானல் ஏரிக்கரைக்கு. வீட்டுக்காரர் உபகாரம் பாய்ப்படகுச் சங்கத்தின் படகுகளைப் பார்த்துக்கொள்பவர். படகுக் கொட்டகைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட இரண்டு அறை. சங்கத்து வீடு, படகோட்டிக்கு மட்டும் கொடுப்பது. அமலி ஒரு விடுதிச் சமையலறையில் காய் நறுக்கப் போனாள். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டுக்கு வீடு.

சங்கத்தில் பாய் கட்டி ஓடும் நிலையில் இருந்தது ஒரே ஒரு சின்னப் படகு. மூன்று பேர் உட்காரலாம். சங்கத்து உறுப்பினர்களையும், லீவுக்கு வருகிறவர்களையும் உபகாரம்தான் அதில் கூட்டிப்போவார். அந்தப் படகில் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டே பொருள். ஒன்று சுக்கான் கட்டை. இன்னொன்று பாயின் அடிக்கழியை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் இருக்கிற கயிறு. சங்கத்தார் அதை ஷீட் என்பார்கள். உபகாரம் பாய்க்கயிறு என்பார். ஒரு கை கட்டையில், மறு கை கயிற்றில். படகு பக்கம் மாறும்போது கையும் மாறும். மற்ற ஊர்ப் படகுகளில் அந்தக் கயிற்றை மாட்டிவைக்க இடுக்கியோ கொம்போ இருக்கும். உபகாரம் இருபத்திரண்டு வருஷமாக எதிலும் மாட்டியதில்லை. காற்று என்ன நினைக்கிறது என்று கயிறு கைக்குச் சொல்லும், அதை இரும்பிடம் கொடுத்துவிட்டால் இரும்புக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது என்பார்.

அந்தக் கை சித்திரையில் போயிற்று. படகைச் சறுக்குப்பாதையில் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொக்கியில் சுற்றியிருந்த ஈரக்கயிறு திடீரென்று வழுக்கியது. பிடித்திருந்த இடது கையைக் கப்பிக்குள் கொண்டுபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். கட்டு பிரித்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்தன. மற்ற மூன்றும் மடங்கவில்லை.

ஒற்றைக் கைக்காரரை நம்பி ஆட்களைத் தண்ணீரில் அனுப்ப முடியாது என்று சங்கத்தில் பேசினார்கள். அதில் தப்பும் இல்லை. செயலாளர் ஜூலியட் டீச்சர் மட்டும் ஒரு தவணை கேட்டு வாங்கினார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் இல்லாமலே விசில் ஊதுகிற மாதிரி பேசுவார்.

"மூணாவது சனிக்கிழம காலைல நான் படகுல உக்காருவேன் உபகாரம். ஒத்தையாளா அந்த மேற்குக் கிளை வளைவு தாண்டிப் போயிட்டுத் திரும்பி வரணும். நான் ஒரு விரல்கூட வைக்க மாட்டேன். வந்துட்டா வேலையும் வீடும் உங்களுக்கு. இல்லன்னா மாசக் கடைசில காலி பண்ணிக் குடுத்துரணும். ஒளிவுமறைவு வேண்டாம்னு நேராச் சொல்றேன்."

உபகாரம் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் பேச்சு சுருங்கிப்போயிருந்தது. முன்பும் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் முன்பு பேசாமல் இருந்தது வேறு, இப்போது பேசாமல் இருப்பது வேறு. அமலிக்கு வித்தியாசம் தெரியும். சாப்பிடும்போது இடது கையை மடியில் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறார். வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறார். கூப்பிட்டால் திரும்புகிறார். திரும்புகிறவர் அவர் இல்லை.

கயிற்றை மாட்ட ஏதாவது வேண்டும் என்று முதலில் சொன்னது அமலிதான். டீச்சர் கொட்டகைச் சாவியைக் கொடுத்து, மூலையில் ஒரு பெட்டி இருக்கிறது, பழைய படகுகளில் கழற்றிப் போட்டது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து அமலியின் தம்பி ராபின் வில்பட்டியிலிருந்து வந்தான். தோட்டத்து வேலைக்காரன். மேல் ரோட்டில் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் வைத்துக் கீழ்த் தட்டுகளிலிருந்து கேரட் மூட்டைகளை இழுப்பவன். தன் ஊரில் கயிறும் இரும்பும் தெரிந்த ஆள் என்று பேர். சாக்கை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

"ஆத்தாடி! பல்லு, கொம்பு, முள்ளுன்னு என்னென்னமோ கெடக்கு. படகா, மிருகக்காட்சிச் சாலையா மச்சான்?"

உபகாரம் சிரிக்கவில்லை.

அமலி ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தாள். இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய ஓர் இரும்பு.

"இதுல எப்பிடி மாட்டுறதுங்க?"

"எட்டுப் போட்டுச் சுத்தணும்," என்றார் உபகாரம். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரையில கட்டுறதுக்கு. ஓடுறதுக்கு ஆகாது."

அடுத்தது இரண்டு பல் உருண்டைகள் எதிரெதிராக, ஸ்பிரிங் வைத்து. கயிற்றை நடுவில் இழுத்தால் பற்கள் கவ்வும். மேலே சுண்டினால் விட்டுவிடும். அதுதான் சரியான சாமான். ஆனால் ஒரு பக்கத்துப் பல் துருவேறி இறுகிக் கிடந்தது. ராபின் மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினான். ஸ்பிரிங் இரண்டாக உடைந்து அவன் மூக்கில் பட்டது.

"இது செத்துப்போச்சுக்கா. ஜெபம் பண்ணிப் பொதச்சிரு."

மூன்றாவது ஓர் அலுமினிய வார்ப்பு. அசைகிற உறுப்பே கிடையாது. நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு, வெட்டின் இரண்டு சுவரிலும் சாய்வாகப் பல். கயிற்றை உள்ளே அழுத்தினால் இறங்கி இறங்கிக் கவ்விக்கொள்ளும். ராபினுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"இதான் சாமான். ஸ்பிரிங்கு இல்ல, கோளாறு இல்ல. பல்லு மட்டும் தேஞ்சிருக்கு. அரம் போட்டுக் கூர்மையாக்கிட்டா யான இழுத்தாலும் ஒரு இஞ்சு வழுக்காது."

"வழுக்கக் கூடாது," என்றாள் அமலி. "அது ஒண்ணுதான் வேணும்."

கடைசியாக ஒரு பித்தளை உருளை. இடை சிறுத்து உடுக்கை மாதிரி, சாண் உயரம்கூட இல்லை. ஒரு பக்கமாகத் திருப்பினால் உள்ளே டிக் டிக் என்று பல் விழுந்து சுற்றியது. மறுபக்கம் திருப்பினால் அசையவில்லை. உச்சியில் கைப்பிடி சொருகும் சதுரக் குழி. கைப்பிடியைப் பெட்டி முழுக்கத் தேடியும் காணோம்.

"பெரிய படகு வின்ச்சு போல," என்றான் ராபின். "கைப்பிடி இல்லாம இத வச்சு இஞ்சிதான் நசுக்கணும்."

உபகாரம் அந்த உருளையைக் கையில் வாங்கினார். டிக் டிக் என்று நாலு சுற்றுச் சுற்றினார். வாயைத் திறந்தார். அமலி காத்திருந்தாள். அவர் உருளையைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அது அன்றைக்கு அடுப்படிக்கு வந்தது. பக்கத்துப் பூனை குழம்புச் சட்டி மூடியைத் தள்ளுகிற பூனை. நல்ல கனம் என்று அமலி அதை மூடிமேல் ஏற்றி வைத்தாள்.

பல் வெட்டை ராபின் மூன்று மணி நேரம் அராவினான். வில்பட்டிக்காரர்கள் கயிற்றை நம்புகிற விதம் அது. அங்கே கயிறு என்றால் ஏறுகிற கயிறுதான் முதலில் ஞாபகம் வரும். அறுபது கிலோ மூட்டை பாதிச் சரிவில் இருக்கும்போது கயிறு வழுக்கினால் கீழே குனிந்து களை எடுக்கிறவர்கள்மேல் போய் விழும். அமலியின் சித்தப்பா ஒருவர் அப்படித்தான் இடுப்பு ஒடிந்து கிடந்தார். அதனால் ராபின் தன் வின்ச்சின் பல்லை மாதம் ஒரு தடவை அரம் போடுவான். அதே அக்கறையோடுதான் இதற்கும் போட்டான். அரம் போட்டுவிட்டு ஒரு கயிற்றை வைத்து அழுத்தித் தொங்கிக் காட்டினான். ஆள் தொங்கினான், கயிறு அசையவில்லை.

"பாத்தீங்களா மச்சான்!"

உபகாரம் பார்த்தார். "ம்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் படகு இறங்கியது. அமலி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் வெங்காய வாசனை போகவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நடுவில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படகில் ஏறியது நாலைந்து தடவைதான்.

முதல் ஓட்டம் நன்றாகவே இருந்தது. உபகாரம் சுக்கான் கட்டையை இடது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுத்து வெட்டில் அழுத்தினார். பல் கவ்வியது. கை காலியாயிற்று. அந்தக் கையால் கட்டையைப் பிடித்தார். படகு சாய்ந்து தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது. துறையில் நின்று ராபின் கை தட்டினான்.

"எம்புட்டு நேக்கா போகுது பாருங்க," என்றாள் அமலி.

அவர் அந்தப் பல் வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரி ஒரே வட்டம் இல்லை. கை கால் நீட்டிக் கிடக்கிற மாதிரி கிளை கிளையாகப் போகும். மேற்குக் கிளையின் வளைவில் மலை இரண்டாகப் பிரிந்து ஒரு சந்து. அதன் வழியாகத்தான் மேகாத்து இறங்கும். தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு விரிப்பு ஓடி வருவதை அமலி பார்த்தாள். என்ன அது என்று கேட்க நினைத்தாள். அதற்குள் வந்துவிட்டது.

படகு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. இந்த மாதிரி சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கயிற்றை விட வேண்டும். விட்டால் பாய் காற்றை உதறிவிட்டுப் படபடக்கும், படகு நிமிரும். உபகாரத்தின் வலது கை கட்டையை விட்டுக் கயிற்றுக்குப் பாய்ந்தது. மேல்நோக்கி இழுத்தார். புதிதாக அராவிய பல். நனைந்து ஊறிய கயிறு. காற்று முழுவதும் அதில் தொங்கியது. ஒரு இஞ்சு அசையவில்லை. அவர் இடது கையையும் கொண்டுபோனார். அந்த மூன்று விரல்களும் கயிற்றின்மேல் குச்சிகளாகத் தடவி வழுக்கியதை அமலி கண்ணால் பார்த்தாள். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை என்று பிறகு சொன்னாள், தண்ணீரை அல்ல.

படகு கவிழ்ந்தது. தண்ணீர் நெஞ்சை அடைக்கும் குளிர். சட்டை அவளை மேலே தூக்கியது. வாயெல்லாம் பாசி. மூச்சு வாங்கத் தெரியவில்லை.

"அமலி. பாயைத் தொடாத. என் தோளப் புடி. அம்புட்டுத்தான். ஒண்ணும் ஆகாது."

குரல் பக்கத்தில் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சொல்கிறபடி கேட்டால் போதும் என்று ஆளை அமைதிப்படுத்துகிற குரல். அவள் தோளைப் பிடித்தாள்.

"கயிறு இப்ப தளந்திருக்கும். அந்த வெட்டுல இருந்து பிடுங்கி விடு. எனக்கு அங்க கை எட்டாது."

அவள் தடவித் தடவிப் பிடுங்கினாள். உபகாரம் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகைமேல் வயிற்றைப் போட்டு ஏறினார். எழுந்து நின்றார். வலது கையால் விளிம்பைப் பிடித்து உடம்பை அப்படியே பின்னால் சாய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. தன் கனத்தை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். மெல்ல, மிக மெல்ல, பாய்மரம் தண்ணீரை வழியவிட்டபடி எழுந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தது. அவர் அந்த நொடியிலேயே உள்ளே விழுந்து, முழங்கையை அவள் கக்கத்தில் கொடுத்து அவளையும் உள்ளே உருட்டினார். ஒரு கைக்காரர் இதையெல்லாம் செய்தார். அமலி பல் கிட்டிக்கப் படகின் உள்தட்டில் கிடந்துகொண்டு அவரைப் பார்த்தாள். இவருக்கா பிள்ளை மாதிரி சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

சாயங்காலம் மலைப்பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். ராபின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தான்.

"எந்தப்புத்தான் மச்சான். அந்தப் பல்ல நான் அராவியிருக்கப்படாது."

உபகாரம் டம்ளரைப் பார்த்தபடி இருந்தார். வெளியே சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அமலி டம்ளர்களைக் கழுவி வைத்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் பேசினார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. நீ அராவும்போதே தெரியும். இது ஆகாது, விடாதுன்னு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" அமலிக்குக் கோபம் வந்தது. "பொண்டாட்டியத் தண்ணியில முக்கிப் பாக்கணும்னு ஆசையா?"

"கயிறு வழுக்கும்னு நெனச்சாலே கை நடுங்குது அமலி. அன்னைக்கு வழுக்குச்சில்ல. அதுல இருந்து, எதுனாலும் கவ்விப் புடிச்சாப் போதும், விடாம இருந்தாப் போதும்னு ஆயிப்போச்சு. கூமுட்டத்தனம்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இதுவரை அவர் தன் பயத்தை வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை சாரல் விட்டிருந்தது. அமலி அன்று வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். நனைந்த சட்டைகள், கம்பளி, பாய் எல்லாவற்றையும் காயப்போட வேண்டும். வாசல் தூணுக்கும் தைல மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டினாள். ஈரக் கம்பளியின் கனத்தில் கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. அவிழ்த்து இறுக்கித் தூணில் சுற்றினாள். முடிச்சுப் போடுவதற்குள் கம்பளி ஒன்று நழுவியது. ஒரு கையால் அதை எட்டிப் பிடித்தாள். மறு கை கயிற்று நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றாள்.

அவ்வளவு ஈரத்துணிக் கனத்தையும் இரண்டு விரல் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்தது விரல் இல்லை. தூணில் போட்ட சுற்று. விரலைத் தளர்த்திப் பார்த்தாள். கயிறு தூணை உரசிக்கொண்டு வழுகிப்போய்க் கம்பளி தரைக்கு இறங்கியது. மறுபடி கிள்ளினாள். நின்றது.

"ஏலே ராபின்!" என்று கத்தினாள். "பேரிக்கட்ட! பேரிக்கட்டடா!"

ராத்திரி அங்கேயே தங்கியிருந்த ராபின் பல் விளக்கிய வாயோடு ஓடிவந்தான். "எந்தப் பேரிக்கட்ட? என்னக்கா, காய்ச்சலா?"

"நம்ம மேத் தட்டுல நின்னுச்சே, வெட்டிப்போட்ட பேரிமரத்து அடிக்கட்ட. சாணி மூட்டையக் கீழ எறக்கும்போது என்ன பண்ணுவோம்? வின்ச்சுலயா எறக்குவோம்?"

ராபின் வாயைத் துடைத்தான். "இல்ல. கட்டையில ரெண்டு சுத்துப் போட்டு விட்டு விட்டு எறக்குவோம்."

"யாரு புடிப்பா நுனிய?"

"நீதான். பத்து வயசுல. ஒரு கைல நுனியப் புடிச்சுக்கிட்டு ஒரு கைல பேரிக்கா தின்னுக்கிட்டு நிப்ப. மூட்ட ஒன்ன மாதிரி ரெண்டு பங்கு கனம்."

"ஏத்துறதுக்குத்தான் பல்லு வேணும். எறக்குறதுக்குக் கட்டதான். நாம ஏத்துற சாமானக் கொண்டுபோயில்ல படகுல வச்சோம்?"

இதைச் சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். குழம்புச் சட்டி மூடியிலிருந்து அந்தப் பித்தளை உருளையை எடுத்துவந்தாள். அடியில் மிளகாய்க் குழம்பு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்து உபகாரத்தின் மடியில் வைத்தாள்.

"அன்னைக்கு இதப் பாத்து ஏதோ சொல்ல வந்தீங்க. என்னன்னு இப்பச் சொல்லுங்க."

அவர் உருளையைத் திருப்பினார். டிக் டிக்.

"கைப்பிடி வேண்டாம்னு சொல்ல வந்தேன்," என்றார். "இழுக்கும்போது சுத்தும். விடும்போது சுத்தாது, கயிறு மேல வழுக்கிட்டுப் போகும். ஆனா வழுக்கும். அதான் சொல்லல."

"எம்புட்டு வழுக்கணும்கிறது ஒங்க ரெண்டு வெரல்ல இருக்குல்ல?"

அவர் துண்டை விலக்கி இடது கையைப் பார்த்தார். வெயிலில் அதை அவர் வைத்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

பல் வெட்டைக் கழற்றினார்கள். தேக்குத் துண்டு ஒன்றைச் செதுக்கிப் படகின் நடுவில் பீடம் வைத்து, அதன்மேல் உருளையை நாலு போல்ட் போட்டு முடுக்கினான் ராபின். தண்ணீரில் இறக்கும் முன்னால் கரையிலேயே பார்த்துவிடலாம் என்றார் உபகாரம். படகைச் சறுக்குப்பாதையில் வைத்தபடி அவர் உள்ளே உட்கார்ந்தார். ராபின் கயிற்றின் மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் நின்றான்.

"நாந்தான் காத்து. வாங்க மச்சான்."

ஒரு சுற்றில் கயிறு விரல்களைப் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று சுற்றில் விரலை எடுத்துவிட்டாலும் கயிறு போக மறுத்தது.

"இதுவும் அந்தப் பல்லு மாதிரிதான். வேண்டாம்," என்றார்.

சுற்றைக் குறைத்தார்கள். இப்போது அவர் இடது கையின் இரண்டு விரலால் நுனியைக் கிள்ளிக்கொண்டார். ராபின் மாடு மாதிரி இழுத்தான். குதிகால் சேற்றில் புதைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு அசையவில்லை.

"விடுங்க மச்சான்! விட்டுப் பாருங்க!"

உபகாரம் விரலைத் திறந்தார். கயிறு சர்ரென்று ஓடியது. ராபின் சேற்றில் மல்லாந்து விழுந்து ஏரிக்குள் இடுப்புவரை சறுக்கிப் போனான்.

முதலில் சிரித்தது உபகாரம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அமலியும் சிரித்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், அழுகிறாளோ என்று ராபினுக்குச் சந்தேகம் வந்தது.

"காத்து விழுந்துருச்சு மச்சான்," என்றான் தண்ணீரிலிருந்து. "சிரிச்சது போதும், தூக்கி விடுங்க."

அன்று முழுவதும், வெள்ளிக்கிழமையும், அவர் தண்ணீரிலேயே இருந்தார். இழுப்பார், விடுவார், இழுப்பார், விடுவார். கட்டையை முழங்காலில் இடுக்கிப் பார்த்தார், தொடையில் இடுக்கிப் பார்த்தார். பக்கம் மாறும்போது எந்தக் கை எங்கே என்று மறுபடி கற்றார். இருபத்திரண்டு வருஷம் தெரிந்த வேலையை முதல் நாள்காரன் மாதிரி தப்புத் தப்பாகச் செய்ய அவருக்குக் கூச்சம் இல்லாமல் போனதுதான் அமலிக்கு ஆச்சரியமாக இருந்தது. துறையில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்து டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்மேல் அது வெகு தூரம் கேட்டது.

சனிக்கிழமை பனி பத்து மணிக்குத்தான் விலகியது. சங்கத்தார் ஆறேழு பேர் துறையில் நின்றார்கள். லாட்ஜ் வைத்திருக்கும் நல்லுசாமி குல்லாவும் மப்ளருமாக முன்னால் நின்றார். ஜூலியட் டீச்சர் படகில் ஏறிக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உபகாரம் அமலியைப் பார்த்தார். அவள் குனிந்து கயிற்றை உருளையில் தானே சுற்றிவிட்டு எழுந்தாள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. படகு நேராக வளைவுக்குப் போயிற்று. வளைவில் திரும்பியபோது அந்தக் கறுப்பு விரிப்பு மலைச் சந்திலிருந்து இறங்கியது. அமலிக்கு இப்போது அது என்னவென்று தெரியும். புதன்கிழமையைவிடப் பெரிது. படகு சாய்ந்தது. பாயின் நுனி தண்ணீரைத் தொடப் போனது. அடுத்த நொடி பாய் முழுவதும் வெளியே பறந்து படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்து, ஓட்டமில்லாமல், நடுவில் நின்றுவிட்டது.

"போச்சு," என்றார் நல்லுசாமி. "கயித்த விட்டுட்டான். கை இல்லாதவன் என்ன பண்ணுவான் பாவம்."

"விட்டாத்தான் சார் படகு நிக்கும்," என்றாள் அமலி. "பிடிச்சிருந்தா இந்நேரம் டீச்சர் தண்ணிக்குள்ள இருப்பாங்க. நான் இருந்து பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

நல்லுசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். பாய் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நொடிகளை எண்ணவில்லை, ஜெபம் பண்ணவும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காற்று கடந்துபோயிற்று. தண்ணீரின்மேல், தூரத்தில், டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். பாய் நிறைந்தது. படகு நடக்கத் தொடங்கியது.

துறைக்கு வந்ததும் டீச்சர் கைகளைப் பிரித்தார். குளிரில் அவை மரத்துப்போயிருந்தன. உபகாரம் கையைக் கொடுத்தார், இடது கையை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இறங்கினார்.

"நான் ஒரு விரல்கூட வைக்கல," என்றார் சங்கத்தாரிடம். "உபகாரம் ரெண்டு வச்சார். போதுமா இருந்துச்சு. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கிளம்புங்க."

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. உபகாரம் அதே வேலையில், அதே தகரக்கூரை வீட்டில் இருக்கிறார். மூன்று விரல்களும் மடங்கவில்லை. கூட்டிப்போகிறவர்களிடம் முதலில் கயிற்றை விடச் சொல்லிக்கொடுக்கிறார், பிறகுதான் பிடிக்க. ஜூலியட் டீச்சர் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டுத் தங்கை வீட்டோடு கன்னிவாடியில் இருக்கிறார். நல்லுசாமி மேகாத்துக் காலத்தில் படகில் ஏறுவதில்லை. ராபின் வில்பட்டியில் வின்ச்சுக்குப் பல் அராவுகிறான்; அந்த அலுமினிய வெட்டை மாட்டுக் கொட்டகைத் தார்ப்பாய்க்கு வைத்திருக்கிறான், ஒரு இஞ்சு வழுக்குவதில்லை. உருளையில் எத்தனை சுற்று என்று கேட்டால் உபகாரம் இரண்டு என்கிறார். அமலி ஒன்றரை என்கிறாள். சங்கத்துக்கு லீவு விடும் செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து வந்து அவளே படகை எடுக்கிறாள். நீச்சல் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.